ஒரு வாய்ப் பால்

மதினி,

இன்று காலை நர்ஸ் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். "பிள்ளைக்கு எதுவும் கொடுக்கலையே?"

கேட்டவள் புதுப்பெண். அன்றைக்குக் கேட்டவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. ஆனால் கண் ஆஸ்பத்திரி அதேதான். ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் நீளமாகப் போகும் அந்த நடையும் அதேதான். நாற்காலிகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தரை துடைக்கிற மருந்தின் வாடை அன்று அடித்த மாதிரியே மூக்கில் ஏறியது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

பேச்சிக்கு இப்போது எட்டு வயது. களைத்துப்போனால் ஒரு கண் மேலே ஏறிக்கொள்கிறது. பிறந்த வருடத்திலேயே மாறுகண் வந்த பிள்ளைகளுக்குப் பின்னால் இப்படி ஆவதுண்டு, சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவளை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் ஆகிறது. அவள் அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறார். நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? நர்ஸிடம் நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

பேச்சி பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். என் மாமியார் பால்பவுடர் டப்பாக்களை வாங்கி அடுக்கிவிட்டார். செய்தி மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு எட்டியதும் நீங்கள் அண்ணனைப் பிடித்துக் கீழே அனுப்பினீர்கள். "தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைக்குப் பால் கட்டிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டீர்களாம். உங்கள் மகன் அப்போதுதான் தலை நின்றிருந்தான். மணிமுத்தாறு தாண்டி மலைப்பாதையில் பஸ் ஏற ஏற, ஒவ்வொரு வளைவுக்கும் எனக்குக் குடலைப் புரட்டியது. நான் அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வண்ணார்பேட்டைக்கு வந்த மூன்று வருடத்தில் உடம்பு மலையை மறந்துவிட்டது என்று நீங்கள் கேலி பண்ணினீர்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய உங்கள் லைன் வீட்டில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. வெளியே மழை விடாது. நீங்கள் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் மகனையும் இன்னொரு பக்கம் பேச்சியையும் போட்டுக்கொள்வீர்கள். அண்ணன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "ஒரே பாலைக் குடிச்சா ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிட்டு. இனி கல்யாண முறை எங்கன இருக்கு? நான் என் மவனுக்கு வேற இடம்லா பாக்கணும்."

"இடம் அப்புறம் பாக்கலாம். முதல்ல விறகைப் பாருங்க" என்பீர்கள்.

பேச்சியின் கண்ணை முதலில் கண்டதும் நீங்கள்தான். பால் கொடுக்கிறவளுக்குத்தானே பிள்ளையின் முகம் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் கிடைக்கிறது. "ஏ பிள்ள, இங்கன வா. இவ ஒரு கண்ணால என்னைப் பாக்குதா, இன்னொண்ணால அவ மூக்கைப் பாக்குதா." பச்சைப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நான் தள்ளிவிட்டேன். நீங்கள் விடவில்லை. நாலு மாதம் ஆயிற்று, ஐந்து மாதம் ஆயிற்று, கருவிழி இரண்டும் மூக்குப் பக்கமே ஒதுங்கி நின்றன. ஒரு நாள் உங்கள் மூக்குத்தியை அவள் முன்னால் இங்கும் அங்கும் ஆட்டிக் காட்டிவிட்டு, "சும்மா இருந்தா ஆவாது, நாளைக்கே கீழ கொண்டு போ" என்றீர்கள். நான் முகம் சுளித்ததும் உங்கள் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பு, நானும் வாரேன்" என்று பையை எடுத்துவிட்டீர்கள்.

என் மாமியாருக்கு எது நடந்தாலும் அதற்கு ஓர் ஆள் காரணமாக இருக்க வேண்டும். அந்த ஆள் என் பிறந்த வீட்டைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். பேச்சியைப் பார்த்ததும், "மேல தொட்டில்ல கிலுகிலுப்பையைக் கிட்டக்கக் கட்டித் தொங்கவிட்டிருப்பாளுவ. அதையே பாத்துப் பாத்துக் கண்ணு திரும்பிட்டு" என்றார். பக்கத்து வீட்டுக்காரி, மாறுகண் யோகமாக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாள். நீங்கள் மறுநாள் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றீர்கள்.

தொட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் டாக்டரம்மா முதலில் சொன்னார். நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள், மாமியாரிடம் போய்ச் சொல் என்று. பிறகு அவர் தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துக் காட்டினார். "கண்ணை உள்பக்கம் இழுக்கிற தசை ரொம்ப இறுக்கமா இருக்கு. அதைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால தள்ளித் தைக்கலாம். அது ஆபரேஷன். இல்லைன்னா அந்தத் தசையிலயே ஒரு ஊசி போட்டு, சில மாசம் அதைத் தளர்ந்து கிடக்க வைக்கலாம். பிள்ளை சின்னது, ஊசியில ஆரம்பிப்போம். எது செஞ்சாலும் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வச்சுத்தான் செய்யணும்."

கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்தால் ஆகாதா என்று நான் கேட்டேன்.

"கண்ணை எப்ப வேணும்னாலும் நேராக்கலாம்மா. ஆனா ரெண்டு கண்ணும் ஒண்ணாச் சேர்ந்து பார்க்கிற பழக்கத்தை மூளை இந்த வயசிலதான் படிக்கும். நாள் தள்ளிப்போனா அந்தப் படிப்பு வராமலே போயிரலாம்."

இந்த வாக்கியத்தை நான் அன்றே பாதி மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கவில்லை. அதுதான் பின்னால் உங்களைத் தின்றது.

ஊசி போடுவதற்குக் குறித்த நாள் காலையில் இந்த நடையில் நாம் எல்லாரும் இருந்தோம். உங்கள் மகனை அண்ணன் கீழே வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். விடியுமுன்னே பேச்சிக்குக் கடைசிப் பால் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் எதுவும் கூடாது என்று நர்ஸ் முந்தின நாளே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். முதலில் நம்மைக் கூப்பிடுவதாகத்தான் பேச்சு. மயக்க மருந்து டாக்டர் வரத் தாமதமாகிவிட்டது. வந்த பிறகும் அவசரமாக வேறொரு பிள்ளையை உள்ளே எடுத்தார்கள். பேச்சி அழ ஆரம்பித்தாள். சும்மா அழுகை இல்லை அது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, முகம் கறுத்து, தொண்டை கட்டும் வரை அழுதாள். நடையில் இருந்த எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். பசித்து அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க நம் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நீங்கள் நடையின் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். பிள்ளைக்கு எதுவும் கொடுக்கலையே என்று கேட்டாள். இல்லை, ஒன்றும் கொடுக்கவில்லை என்று நான்தான் சொன்னேன். பேச்சிக்குப் பச்சைச் சட்டை மாட்டினார்கள். அவள் கையைக் காலை ஆட்டிக்கொண்டே நர்ஸின் தோளில் போனாள். கதவு பைய மூடிக்கொண்டு வந்தது.

நீங்கள் ஓடியது எனக்குத் தெரியாது. உங்கள் கை கதவில் பட்ட சத்தம்தான் கேட்டது. "குடுத்திட்டேன். நான் குடுத்திட்டேன். கொண்டு போவாதிய."

மயக்க மருந்து டாக்டர் முகத்துணியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பால் என்றீர்கள். எப்போது என்றார். "இப்பந்தான். ஒரு வாய்தான்" என்றீர்கள். எவ்வளவு நேரம் குடித்தாள் என்று அவர் கேட்க, நீங்கள் அந்த ஒரு வாய்தான் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உங்கள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூட வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் உங்களைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "அந்தம்மா சொல்லாம இருந்திருந்தா, மயக்கத்துல வயித்துல இருக்கிற பால் மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருக்கும். இவ்வளவு சின்னப் பிள்ளை தாங்காது. இன்னைக்கு வேண்டாம், வேற நாள் பார்ப்போம்." பேச்சியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் வாயோரத்தில் இன்னும் வெள்ளையாக இருந்தது. எனக்கு உங்களை அறைய வேண்டும் போலவும் இருந்தது, உங்கள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் மாமியார் எழுந்து வந்தார். நடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஊமை மாதிரி இருந்துட்டு என் பேத்தி கண்ணைக் கெடுத்துட்டியேட்டி. உன் மாரு புழுத்துத்தான் போவும்."

நீங்கள் அப்போதுதான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது நான் மாமியாரிடம் சொன்னேன், அவிய சொல்லாம இருந்தா இப்ப பிள்ளையே இருந்திருக்காது என்று. "குடுக்காம இருந்தா சொல்ல வேண்டிய வேலையே வந்திருக்காதுலா" என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் சரிதான். அதனால்தான் ஏழெட்டு வருடமாக இதை என்னால் தூக்கிப் போட முடியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஏறும் முன்னால் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது. "நான் குடுக்கணும்னு நெனச்சுக் குடுக்கல, பிள்ள. அவ அழ அழ இங்கன தானா ஊறிட்டு. அந்த வாடைக்கு அவளே வாயைக் கொண்டாந்து வச்சா. பிடுங்கதுக்கு எனக்கு மனசு வரல."

அதற்கப்புறம் எல்லாமே தள்ளித் தள்ளிப் போனது. அடுத்த தடவை நாள் குறித்தபோது பேச்சிக்குச் சளி. அதற்கடுத்த தடவை நெஞ்சில் இரைப்பு இருக்கிறது, மயக்கம் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாலு மாதம் கழித்துத்தான் ஊசி போட முடிந்தது. போட்ட சில நாளில் கண் இமை பாதி இறங்கி மூடிக்கொண்டது. உள்ளே இருந்த கருவிழி இப்போது வெளிப்பக்கமாகப் போய் நின்றது. நீங்கள் செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்தீர்கள். பேச்சியைப் பார்த்துவிட்டு அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், தானே சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொல்ல, "சும்மா சொல்லாத" என்றீர்கள். மாமியார் அடுக்களை வாசலில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

இமை பிறகு திறந்துகொண்டது. ஒரு நாள் காலையில் குளிப்பாட்டித் துவட்டும்போது இரண்டு கண்ணும் நேராக என்னைப் பார்த்தன. நான் ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினேன். அந்தச் சந்தோஷம் ஆறேழு மாதம் இருந்தது. மருந்தின் வேகம் குறைந்ததும் கண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துவிட்டது. கடைசியில் ஆபரேஷனே செய்தார்கள். அதற்கு உங்களைக் கூப்பிட்டேன். "அந்த நடைக்கு நான் வரல. என் நிழலு அங்கன படக் கூடாது" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. போட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பேச்சி பக்கத்தில் ஊற்றிவிடுவாள். ஊசியில் நூல் கோக்க வராது. படி இறங்கும்போது காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குவாள். இரண்டு கண்ணும் நேராக இருக்கின்றன, ஆனால் சேர்ந்து பார்க்கப் பழகவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்த நாலு மாதம் போகாமல் இருந்திருந்தால் பழகியிருக்குமா என்று கேட்டேன். "தெரியாதும்மா. சீக்கிரமே செஞ்ச பிள்ளைங்களுக்கும் வராமப் போயிருக்கு. யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் நீங்கள் கேட்பீர்கள். "இப்ப ரெண்டு கண்ணும் சேந்து பாக்குதாமா?" நான், பாக்குது மதினி, நல்லாப் பாக்குது என்பேன். நீங்கள் என்ன, என் பேச்சை நம்புகிற ஆளா? தாயம் விளையாடினால் காய்களை நகர்த்தி என்னை ஏய்க்கிறவருக்கு, என் ஏய்ப்பு தெரியாமலா போகும். ஒரு தடவை மேலே வந்திருந்தபோது வாசலில் நின்ற பேச்சியை நோக்கி ஒரு கொய்யாப்பழத்தைப் பைய எறிந்தீர்கள். அவள் கை மூடுவதற்குள் பழம் அவள் நெஞ்சில் பட்டு உருண்டுவிட்டது. பேச்சி சிரித்தாள். நீங்கள் பழத்தை எடுத்துத் துடைத்து அவள் கையில் வைத்தீர்கள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

கேட்காததை நான் நல்லது என்று நினைத்தேன். உள்ளே தீர்ப்பெழுதி வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்பில் கட்டி வந்ததை நீங்கள் ஒரு வருடம் மறைத்தீர்கள். கொழுந்து பறிக்கக் கூடை தூக்கும்போது வலித்திருக்கும். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் கீழே வந்து எங்கள் வீட்டில் தங்கியபோது, நீங்கள் சேலை மாற்றுகையில் நான்தான் பார்த்தேன். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக உள்வாங்கியிருந்தது. நீங்கள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "அவிய சொன்னது பலிச்சிட்டு, பாத்தியா" என்றீர்கள். பயந்த குரலில் சொல்லவில்லை. கடன்காரன் வந்து கேட்டால் தரத்தானே வேண்டும் என்கிற குரலில் சொன்னீர்கள்.

நான் உங்களைத் திட்டினேன். இது நோய், நோய்க்குச் சாபம் வேண்டியதில்லை என்றேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் பரவவில்லை, உடனே எடுத்துவிடலாம், வாய்ப்பு இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த 'இருக்கிறது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வாரம் சோறு தின்றேன்.

ஆபரேஷன் அன்று காலையில் நீங்கள் வெள்ளைக் கவுன் போட்டு, தாலியையும் மூக்குத்தியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து உங்களை விட்டு நான் ஓர் அடி நகரவில்லை. நர்ஸ் வந்து கேட்டாள், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று.

"காபி குடிச்சேன்" என்றீர்கள்.

"இல்ல சிஸ்டர், குடிக்கல. நான் கூடவேதான இருக்கேன்" என்றேன். "குடிச்சேன்" என்று நீங்கள் மறுபடி சொன்னீர்கள். "இவ முகம் கழுவப் போனப்ப வாங்கிக் குடிச்சேன்." நர்ஸ் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சத்தியம் பண்ணினேன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சண்டைகூடப் போட்டேன். "அவங்களே குடிச்சேன்னு சொல்லும்போது நாங்க குடிச்சதாத்தாம்மா எடுத்துக்கிடணும்" என்று அவள் போய்விட்டாள். பேச்சி விஷயத்தில் நான் சொன்னது தப்பு, அதை நம்பினார்கள். உங்கள் விஷயத்தில் நான் சொன்னது நிஜம், அதை யாரும் நம்பவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் திறக்க எந்த ஆஸ்பத்திரியும் துணியாது. அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போது, ஏன் மதினி பொய் சொன்னிய என்று அழுதேன்.

"அப்படிச் சொன்னா நிறுத்திருவாவன்னு எனக்குத் தெரியும்லா." கொஞ்ச தூரம் போனதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "பேச்சிக்கு ஓடி வர நான் இருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால எனக்கு ஒண்ணுன்னா யாரு ஓடி வருவா?"

நான் வருவேன் என்றேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள், சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை மதினி. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு நடை நிறைய ஆட்கள் முன்னால் மானத்தை விட்டீர்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எஸ்டேட்டை மூடிவிட்டதால் மாஞ்சோலையைக் காலி செய்து எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. "சாமானை இறக்கிட்டு வாரேன்" என்று மேலே போனீர்கள். பிறகு, மகனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றிவிட்டு வாரேன் என்றீர்கள். பிறகு, வீடு கிடைக்கட்டும் என்றீர்கள். நான் போன் பண்ணினால் எடுக்க மாட்டீர்கள். அண்ணன் நயந்தும் பார்த்தார், அடிக்கக் கையையும் ஓங்கினார். கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீடு எடுத்து நீங்கள் வந்து சேர்ந்தபோது நெஞ்செலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குளிரிலேயே கிடந்த உடம்பு, அந்தத் தகரக் கூரை வீட்டின் வெக்கையைத் தாங்கவில்லை. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். புண்ணின் வாடைக்கு அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்றார்கள். என் மாமியார் ஒரு நாள் தானாகக் கிளம்பி பஸ் ஏறி வந்தார். பையில் சாத்துக்குடி இருந்தது. பிழிந்து, வடிகட்டி, கரண்டியில் எடுத்து உங்கள் வாயில் விட்டார். நீங்களும் குடித்தீர்கள். அவர் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நான் கதவோரம் நின்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனார் என்று அண்ணன் சொன்னார். அந்த அழுகை உங்களுக்கு என்ன பிரயோசனம்?

கடைசியில் உங்களுக்கும் வாய்க்கு எதுவும் கொடுக்க முடியாமல் போனது. விழுங்கினால் புரை ஏறியது. பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் தடவினோம். பேச்சி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் கண்ணைத் திறந்து ரொம்ப நேரம் அவள் கண்களையே பார்த்தீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றை. "நேராத்தான இருக்கு" என்றீர்கள். நேராத்தான் இருக்கு அத்தை என்று அவளே சொன்னாள். அது நீங்கள் என் காதுபடப் பேசிய கடைசிப் பேச்சு. உங்களை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வந்த அன்றும் பேச்சி டம்ளருக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தான் சொன்னேன். யாரோ சொல்லிப் பாதி தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல். அத்தை உனக்குப் பால் கொடுத்தாள், அத்தைதான் சொல்லவும் செய்தாள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். நேற்று, "அத்தை அன்னைக்குச் சொல்லலைன்னா நான் செத்திருப்பேனாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப தண்ணி வெளிய ஊத்துனா என்ன?" என்றாள். அவள் வைத்த கணக்கு அவ்வளவுதான். இது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பதில். பேச்சியின் பக்கத்திலேயேதான் நானும் படுத்து எழுந்தேன். அவள் மாமா கொடுத்த மிட்டாயைக்கூட வாங்கி என் பையில் போட்டுவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்றாலும் நர்ஸ் கேட்டதும் நான் பதில் சொல்லவில்லை. முதலில் என் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் பேச்சியின் துண்டும் செருப்பும்தான் இருந்தன. "என்னம்மா, கொடுத்தீங்களா, இல்லையா?" என்று நர்ஸ் மறுபடி கேட்டாள். ஒருத்தி எழுந்து ஓடி வந்து சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான், இல்லை என்றேன்.